சிலிண்டர் காயும்வரை

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்டின் தகரக் கூரையில் காலையிலிருந்து ஒரே மூச்சாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பெஞ்சின் மேல் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் துண்டுதுண்டாகக் கிடந்தது. பெயிண்டர் முக்காலியில் உட்கார்ந்து, சிலிண்டரை மடியில் இடுக்கிக்கொண்டு, குளிக்க அடம்பிடிக்கிற பிள்ளையைத் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள். எஞ்சின் சூட்டைக் காற்றில் விடுவதற்கு வார்த்த தகடுகள் அவை. அவற்றின் இடுக்குகளில் பல வருஷத்து எண்ணெயும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தன. இரும்பு பிரஷ் போகாத இடத்துக்கு ஆணி, ஆணி போகாத இடத்துக்கு டீசலில் நனைத்த நூல் என்று ஒவ்வொரு இடுக்காக நோண்டி எடுத்தான்.

பாப்பா வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. முன்னெற்றியில் நரைகூட எட்டிப் பார்த்தாயிற்று. ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணன் அப்படிக் கூப்பிட்டான், அண்ணி கூப்பிட்டாள், கடைசியில் கட்டின புருஷனும் இங்கே வந்து சேர்ந்தபிறகு அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

"என்னங்க, மேஸ்திரிக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"சொல்லலாம், சொல்லலாம். கையில வேலை இருக்குல்ல."

"ஒண்ணாம் தேதிக்குள்ள வரச் சொன்னாரே. அப்புறம் வேற ஆளைப் போட்டுக்குவாருங்க."

"இந்த ஈரக்காத்துல பெயிண்ட் அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? பூத்துப்போயிடும். வெள்ளை வெள்ளையா படலம் கட்டிக்கும். வெயில் வரட்டும். மச்சான் சோறு போட்டு வச்சிருக்கார். அவர் வேலையைப் பாதியில போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து சைக்கிள் மணி அடித்தது. அண்ணி கூப்பிடுகிறாள். படுத்த இடத்திலிருந்து கத்தத் தெம்பில்லை என்று அண்ணன் கட்டில் சட்டத்தில் ஒரு சைக்கிள் மணியை முடுக்கிக் கொடுத்திருந்தான். பாப்பா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினாள்.

பெயிண்டரும் அவளும் முன்பு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அவன் பெயிண்ட், அவள் சீட்டுக்கு ரெக்ஸின் தைப்பவள். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் ஏறக்கட்டிக்கொண்டு போனதும் இருவரும் நடுத்தெருவில் நின்றார்கள். சரியாக அந்தச் சமயத்தில்தான் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். "வாடகை வீட்டுல கிடந்து எதுக்கு அல்லாடணும்? மாடி ரூம் சும்மாதானே கிடக்கு, வாங்க ரெண்டு பேரும்" என்று டயர்க்கடை அண்ணன் நேரில் வந்து கூப்பிட்டான். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது யாருடைய நல்ல நேரம் என்பது பாப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

மாப்பிள்ளை சும்மா இருந்தால் கூச்சப்படுவான் என்று நினைத்தானோ என்னவோ, அண்ணன் ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடந்த அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் காட்டினான். அப்பா இருந்தவரைக்கும் அண்ணனை அதன் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. "என் காலம் முடியறதுக்குள்ள இதுல ஏறி என் கடைக்கு நானே போகணும் மாப்ள. புதுசு மாதிரி பண்ணிக் கொடு" என்றான். கேட்கும்போது அவன் முகம் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பாப்பாவுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தோஷம் மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. விடிந்தால் அண்ணிக்கு முகம் துடைக்கவேண்டும், புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், முதுகில் பவுடர் போடவேண்டும், படுக்கைத் தட்டை எடுத்துக் கழுவவேண்டும். அப்புறம் மூன்று வேளைச் சமையல். நடுநடுவே மணி. அண்ணன் காலையில் ஒருமுறை அறை வாசலில் நின்று, "என்ன, பரவாயில்லையா?" என்பான். பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான். பெண்டாட்டி இப்படிக் கிடப்பதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று அவனே சொல்லியிருக்கிறான். பார்க்க ஆகிறவளாக ஒருத்தி வேண்டியிருந்தது.

மேஸ்திரி, பழைய பட்டறையில் இவர்களுக்கு மேலே இருந்தவர். வெளியூரில் புதுப் பட்டறை ஒன்றைப் பொறுப்பெடுத்திருப்பதாகவும், தங்குவதற்குப் பட்டறைக்குப் பின்னாலேயே அறை இருக்கிறது என்றும் போனில் சொன்னார். அந்த அறையைப் பாப்பா பார்த்ததே இல்லை. ஆனால் அதற்கு ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பை எங்கே வைப்பது என்பதுவரைக்கும் மனதுக்குள் முடித்து வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, எஞ்சின் வேலை முடிஞ்சதும் நாங்க கிளம்பலாம்னு பார்க்கிறோம்."

அண்ணன் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டே, "எங்க கிளம்பறது?" என்றான், கடைத்தெருவுக்கா என்று கேட்கிற மாதிரி.

"மேஸ்திரி கூப்பிட்டாருல்ல. சொன்னேனே."

"அட, அவன் கிடக்கிறான். அங்க போய் எவன்கிட்டயோ கை கட்டி நிக்கணுமா? இங்க என்ன குறை? மாப்ள, எஞ்சின் முடிஞ்சா டேங்க்கு. டேங்க்கு முடிஞ்சா மட்கார்டு. அப்புறம் கடை போர்டு ரொம்ப நாளா துருப்பிடிச்சுக் கிடக்கு. உனக்கு வேலைக்கா பஞ்சம்?"

"அதானே" என்றான் பெயிண்டர், தட்டைப் பார்த்தபடி.

"பிள்ளையா குட்டியா, உங்களுக்கு என்ன அவசரம் இப்போ? உங்க அண்ணி எழுந்து நடமாடட்டும். அப்புறம் பேசிக்கலாம். இன்னும் கொஞ்சம் சூப் ஊத்து பாப்பா, நல்லா வச்சிருக்கே."

கரண்டி அவள் கையில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு ஊற்றினாள். அண்ணன் மனசறிந்து குத்துகிறவன் இல்லை. அதனால்தான் அவனோடு சண்டை போடவும் வழியில்லாமல் இருந்தது.

ஒருவழியாக மழை ஓய்ந்து வெயில் வந்தது. பெயிண்டர் விடியும்போதே ஷெட்டுக்குப் போய்விட்டான். சிலிண்டரின் பழைய பெயிண்டைக் கரைசல் தடவி உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பாக்கி வைத்திருந்தான். வண்டிப் பெட்ரோல் உள்ளே போகிற வழி, புகை வெளியேறுகிற வழி, பிஸ்டன் ஓடுகிற பெரிய துவாரம் எல்லாவற்றையும் அடைக்கிற வேலை பாப்பாவுடையது. பெயிண்ட் ஒரு சொட்டு உள்ளே போனாலும் எஞ்சின் பாழ். அவள் கிழிசல் துணியைச் சுருட்டித் திணித்து, மேலே டேப் ஒட்டி, விளிம்பைப் பிளேடால் சீவினாள். ரெக்ஸின் வெட்டிப் பழகிய கை, கோணாமல் வந்தது.

"தின்னர் போட்டுத் துடைச்சாச்சு. இனி வெறுங்கையால தொடாதே. விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை ஒட்டினா அந்த இடத்துல பெயிண்ட் பிடிக்காது, பத்து நாள்ல உரிஞ்சு வரும்" என்று சொல்லிக்கொண்டே சிலிண்டரைக் கம்பியில் மாட்டி உத்தரத்தில் தொங்கவிட்டான். முதலில் இடுக்குகளுக்குள் மெலிதாக ஒரு தெளி. காயட்டும். பிறகு வெளி விளிம்புகளுக்கு. பிறகு மறுபடி இடுக்கு. கறுப்பு நிறம் பனி இறங்குவதுபோல் இறங்கி, துருவும் தழும்புமாக இருந்த இரும்பு மெல்ல ஒரே உடம்பாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பாப்பா பட்டறையில் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே அவன் தோளுக்குப் பின்னால் எப்போதும் எவனாவது அவசரப்படுத்திக்கொண்டு நிற்பான்.

"சூடு தாங்குற பெயிண்ட் இது. வெயில்ல காஞ்சா மட்டும் போதாது, வேகணும். உங்க அண்ணியோட ஓவன் இருக்குல்ல? சின்னத் தீயில வை. நான் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கிட்டு வந்துடறேன். உள்ளே வைக்கிறதுக்கு முன்னாடி டேப்பு, துணி எல்லாத்தையும் உருவிடு."

உருவினாள். உருவிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. போய் அண்ணிக்குத் தலையணையைச் சரி செய்துவிட்டு வந்தாள். மறுபடி மணி. தண்ணீர். எல்லாத் துணியையும் எடுத்தாயிற்று என்ற நினைப்பில் சிலிண்டரைக் கேக் தட்டில் நிறுத்தி ஓவனைப் பற்றவைத்துவிட்டு, ஈரப் போர்வைகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். மழையில் நாறிக்கிடந்த துணியெல்லாம் அன்றாவது காயட்டும் என்று ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். பாதி வேலையில் மூக்கில் ஏதோ கரிந்தது. கீழே சமையலறை ஜன்னலிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புகைக்கு நடுவே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை அடுப்பு மேடையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையால் ஓவன் திருகை மூடிவிட்டு, பிடித்துணியால் கதவைத் திறந்து, உள்ளே புகைந்துகொண்டிருந்த துணிச் சுருளைக் கரண்டியால் நெம்பி வெளியே தள்ளினாள். தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினாள். எல்லாம் நிதானமாக, தன் சமையலறையில் தான் செய்கிற வேலையாகச் செய்தாள். பிறகுதான் திரும்பிப் பாப்பாவைப் பார்த்தாள்.



"ஒரு ஓட்டையில துணி இருந்திருக்கு" என்றாள் அண்ணி.

"அண்ணி… நீங்க நிக்கிறீங்க."

"வீடு பத்தி எரியட்டும்னு படுத்திருக்கச் சொல்றியா?" என்றவள், லேசாகக் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பாப்பா பின்னாலேயே போனாள்.

"எப்போலேர்ந்து?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நிக்க வந்துடுச்சு. நீ மாடிக்குப் போனா ஜன்னல் வரைக்கும் போயிட்டு வருவேன்."

"அப்புறம் ஏன் அண்ணி? தட்டு எடுத்தேனே. இன்னிக்குக் காலையில கூட எடுத்தேனே!"

அண்ணி போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "உங்கப்பா படுத்தார், நான் பார்த்தேன். உங்கம்மா படுத்தாங்க, அதுவும் நான்தான். அப்போ நீ எங்கே இருந்தே? கல்யாணம் ஆகிப் போயிட்டே. உன்னைக் குத்தம் சொல்லலை. எப்பவாவது வருவே, சாப்பிடுவே, 'அண்ணி கைப்பக்குவமே தனி'ன்னுட்டுப் பஸ் ஏறிடுவே. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எனக்கு ஒருத்தர் ஒரு டம்ளர் தண்ணி மோந்து கொடுத்திருப்பாங்களா, நீயே சொல்லு."

"அதுக்குத்தான் என்னை இப்படிப் போட்டு வாட்டுறீங்களா?"

"போடி. வாட்டறதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு ஏது? சும்மா படுத்திருந்தேன். நல்லா இருந்துச்சு. யாரோ சமைச்சது வாயில ருசியா இருந்துச்சு. நாளைக்கு எழுந்துக்கலாம், நாளைக்கு எழுந்துக்கலாம்னு பார்த்தேன். மனசு வரலை, பாப்பா." குரல் தழைந்தது. "எழுந்துட்டா அவ்வளவுதானே. திரும்ப அந்த மேடைதானே எனக்கு."

பாப்பாவுக்குக் கோபம் கொதித்துக்கொண்டு வந்தது. பளாரென்று ஒன்று கொடுக்கலாம்போல இருந்தது. ஆனால் அண்ணி சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்கவும் இல்லை.

வாசலில் கேட் சத்தம். அண்ணன் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். அண்ணி ஒரு பேச்சும் பேசாமல் படுத்து, போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டாள். கண் மட்டும் பாப்பா மேலேயே இருந்தது.

"என்ன இது புகை? என்ன ஆச்சு? அடுப்பை யார் அணைச்சது?" என்று கத்திக்கொண்டே வந்தான் அண்ணன்.

"நான்தான்" என்றாள் பாப்பா.

சொன்னபிறகு, யார் சொன்னது என்று அவளே திரும்பிப் பார்க்கலாம்போல இருந்தது.

பெயிண்டர் வந்து பார்த்தபோது சிலிண்டரின் ஒரு பக்கம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. "துணியை எடுக்கச் சொன்னேன்ல? ஒரு வேலை ஒழுங்கா…" என்று ஆரம்பித்து, அண்ணன் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பரவாயில்ல மச்சான். திரும்ப உரிச்சு, முதல்லேர்ந்து அடிச்சிடலாம்."

"அடி, அடி. யார் அவசரப்படுத்துறா?" என்றான் அண்ணன்.

அன்று பிற்பகல் டீ கொண்டுபோனவள் ஷெட் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே அவன் கொப்புளத்தின்மேல் கரைசலைத் தடவிக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நாள் வேலை வீணாய்ப் போயிருக்கிறது, மனுஷன் சீட்டியடிக்கிறான். என்னவோ சரியில்லை என்று பட்டது. டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு மாடி அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"மேஸ்திரி, நான் பெயிண்டர் வீட்டம்மா பேசறேன். இங்க வேலை கொஞ்சம் இழுத்துடுச்சு. ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கிட்டீங்கன்னா…"

"என்னம்மா புதுசா சொல்றே? அவன்தான் அப்பவே வரலைன்னுட்டானே."

"எப்போ?"

"நான் கூப்பிட்ட மறுநாளே. மச்சான் விடமாட்டேங்குறார், அவங்க அண்ணிக்கு முடியலை, அவளும் வரமாட்டேங்குறான்னான்."

"எவ?"

"உன்னைத்தாம்மா சொன்னான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியே அவள் காயப்போட்ட போர்வைகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. அண்ணனுக்கு அவள் வேண்டும். அண்ணிக்கும் வேண்டும். அவர்களையாவது புரிந்துகொள்ளலாம். இவன் அவளைக் காட்டியே தப்பித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இந்த ஷெட் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன். பெயிண்ட்டுக்கு ஆள் போட்டாச்சா?"

"அது போட்டாச்சு. தையலுக்குத்தான் அல்லாடுறேன். பஸ் பாடி அப்படியே நிக்குது, சீட்டு தைக்க இந்தப் பக்கம் ஆளே இல்ல. ஏன், உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள் பாப்பா.

மறுநாள் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. அண்ணன் கடைக்குப் போனதும் ஒரு பையில் துணிகளையும் தன்னுடைய பெரிய கத்தரியையும் எடுத்து வைத்துக்கொண்டு அண்ணியின் அறைக்குப் போனாள்.

"போறியா?" என்றாள் அண்ணி, பையைப் பார்த்து.

"போறேன்."

"சொல்லிட்டியா உங்க அண்ணன்கிட்ட?"

"எதை? நான் ஒண்ணும் பார்க்கலை. எழுந்துக்கறதும் படுத்திருக்கறதும் உங்க இஷ்டம் அண்ணி."

அண்ணி கண்ணால் அலமாரியைக் காட்டினாள். "அலமாரிக்குக் கீழே என் புதுச் செருப்பு இருக்கு, போட்டுக்கிட்டுப் போ. உன்னுது வார் அறுந்துபோற மாதிரி இருக்கு. நான்தான் நடக்க முடியாதவளாச்சே, எனக்கு எதுக்கு?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் அண்ணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஷெட்டில் பெயிண்டர் கடைசிப் பூச்சை முடித்திருந்தான். ஈரம் மினுமினுக்கிற சிலிண்டரைக் கம்பியோடு உத்தரத்திலிருந்து இறக்கி, உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வெயில் படுகிற இடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

"பாப்பா, பாரு, எப்படி வந்திருக்கு! கண்ணாடி கெட்டுது போ" என்றவன் பையைப் பார்த்தான். "எங்க?"

"மேஸ்திரி பட்டறைக்கு. சீட்டு தைக்கப் போறேன்."

அவன் முகம் வெளிறியது. "அவர்… பேசினாரா?"

"நான்தான் பேசினேன். நான் வரமாட்டேன்னு சொன்னீங்களாமே. அப்படி இல்லைன்னு சொல்லிட்டேன்."

"இல்ல, அது வந்து… கொஞ்சம் நில்லு. நான் சொல்றதைக் கேளு. இதை எங்கயாவது வச்சிட்டு வந்துடறேன்."

சுற்றுமுற்றும் பார்த்தான். பெஞ்சு முழுக்கத் தேய்த்த இரும்புத் தூள். தரையில் மண். திரும்ப உத்தரத்தில் மாட்ட ஸ்டூலில் ஏறவேண்டும், ஸ்டூல் அந்தக் கோடியில் இருந்தது. சிலிண்டரின் கனத்தில் நீட்டிய கை தாழ ஆரம்பித்தது. அதைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை.

"அவசரப்படாதீங்க, பார்த்து மாட்டுங்க" என்றாள் பாப்பா. "பட்டுச்சுன்னா திரும்ப முதல்லேர்ந்து உரிக்கணும்."

ஒரு நொடி நின்றாள். அவன் கோடிக்குப் போய் ஸ்டூலைக் காலால் இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கவாட்டுச் சந்து வழியாக நடந்து தெருவுக்கு வந்தாள். அண்ணியின் செருப்பு காலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. டயர்க்கடையைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போகவேண்டும். அண்ணன் குனிந்து யாருக்கோ டியூபில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் நின்று சொல்லிவிட்டுப் போவது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். அவன் நிமிரவில்லை.

பட்டறைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஜன்னலே இல்லை. கதவைத் திறந்துவைத்தால்தான் வெளிச்சம். நாள் முழுக்கக் கண்ணும் இடுப்பும் போகிற வேலை. முதல் சில நாட்கள் ரெக்ஸின் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, இதற்குத்தானா வந்தோம் என்றுகூட நினைத்தாள். அண்ணன் ஒருமுறை கூப்பிட்டு, "இப்படிப் பண்ணிட்டியே பாப்பா" என்றான். பெயிண்டர் முதலில் கோபமாகப் பேசினான், அப்புறம் கெஞ்சினான், அப்புறம் தினமும் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டு வீட்டுக் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்.

"இன்னிக்கு மச்சான் முட்டை பொரிச்சார். ஓட்டோட விழுந்துடுச்சு. உங்க அண்ணி படுத்த இடத்துலேர்ந்தே உப்பு, எண்ணெய்னு சொல்லிக்கிட்டிருக்காங்க."

"இன்னும் படுத்துதான் இருக்காங்களா?"

"வேற என்ன? மச்சான்தான் தூக்கி உட்காரவைக்கிறார். முதல்ல பயந்துக்கிட்டு வாசல்லயே நின்னார். நான் எப்படி அவங்களைத் தொடறது? வேற வழியில்லாம உள்ளே போனார். இப்போ பழகிடுச்சு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டுகூட இருக்காங்க."

பாப்பா சிரிப்பு கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எஞ்சின் என்னாச்சு?"

"ஓடுது! ஒரே உதையில கிளம்பிடுச்சு. பெயிண்ட் ஒரு பொட்டுகூட உரியலை. மச்சான் தெருவைச் சுத்தி வந்தார், கண்ணுல தண்ணி அவருக்கு. டேங்க்கை இப்பதான் கழட்டிப் போட்டிருக்கேன். நீ எப்போ வர்றே?"

வரவேண்டியது நீங்கள்தானே என்று கேட்கலாம். பலமுறை கேட்டாயிற்று. அன்றைக்கு வேறு ஒன்றைக் கேட்கத் தோன்றியது.

"உங்களுக்கு அங்க நல்லா இருக்கா?"

அந்தப் பக்கம் அவன் தட்டைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் பெயிண்டர்.

அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அதைக் கேட்டதும் அவளுக்குப் பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது, ஏதோ ஒன்று கைவிட்டுப் போன மாதிரியும் இருந்தது. "சரி, சாப்பிடுங்க. நாளைக்குப் பேசறேன்" என்று போனை வைத்தாள். பிறகு வெட்டிவைத்த ரெக்ஸினை மடியில் இழுத்துப் போட்டு, ஓரத்தை மடித்து, ஊசிக்குக் கீழே கொடுத்தாள்.